வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

காரைக்குடி

அன்புடையீர்,

வணக்கம். செட்டிநாட்டு வீடொன்றின் முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஓடித் தாவி, பூட்டிய அறைகளைத் திறந்துகொண்டே போகும் நம் பழைய பாணி வீடியோ கேம் வெளியாகிவிட்டது. அதை உருவாக்க முன்கூட்டியே பணம் போட்ட எல்லோருக்கும் முதல் நன்றி. குடும்பக் கணக்கில் புள்ளி வரி வாங்கிக் கோயில் நடத்துகிற சீமை இது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு காரியத்தை முடிப்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீடியோ கேம் என்றால் என்ன என்பதைத்தான் சில பெரியவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

வரவு செலவைப் பார்த்துக்கொடுத்த ஆடிட்டர் அண்ணனுக்கு நன்றி. “பதிலுக்கு ஒரு பிரதி தருகிறீர்கள் என்றால் அது நன்கொடை இல்லை, முன்பணம். ரசீதிலும் அப்படியே எழுதுங்கள்” என்று தொடக்கத்திலேயே நிறுத்திச் சொன்னார். இதே மாதிரி முயற்சியில் இறங்குபவர்கள் இந்த ஒரு வரியையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நன்றி, கூடுதல் இலக்குகள் வேண்டாம் என்று வாக்களித்தவர்களுக்கு. பணம் இவ்வளவு சேர்ந்தால் இரண்டாவது நாயகன், அதற்கு மேல் சேர்ந்தால் செல்பேசிப் பதிப்பு என்று அறிவிப்பதுதான் இந்தத் துறையின் வழக்கம். அதற்கு என்ன விலை என்பது ஊரறிந்த கதை. 2013-ல் ஷவல் நைட் என்ற ஆட்டம் 75,000 டாலர் கேட்டு 3,11,000 டாலருக்கு மேல் திரட்டியது. ஆட்டம் 2014-லேயே வந்தது; ஆனால் தருவதாக வாக்குக் கொடுத்த கூடுதல் கதைகள் முடிய 2019 டிசம்பர் ஆயிற்று. அவர்கள் சொன்னதைச் செய்து காட்டியவர்கள், அதற்கே அவ்வளவு காலம். அதே 2013-ல் மெகா மேன் என்ற பழைய ஆட்டத்தின் பாணியில் அறிவிக்கப்பட்ட மைட்டி நம்பர் 9, 9 லட்சம் டாலர் கேட்டு 38 லட்சம் பெற்றது. ஒரே நேரத்தில் ஏகப்பட்ட விளையாட்டுக் கருவிகளில் ஓடும் என்று வாக்குக் கொடுத்து, தள்ளித் தள்ளி 2016 ஜூனில் வந்தபோது ரசிகர்களே முகம் சுளித்தார்கள்.

காரணம் எளிது. புதிய நாயகன் வந்தால் அவன் தாவும் உயரம் மாறும். உயரம் மாறினால் ஒவ்வொரு தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளியை மறுபடி அளந்து கட்ட வேண்டும். படம் வரைகிற செலவு அதில் சின்னப் பங்குதான். நீங்கள் வேண்டாம் என்றதால் அந்த நேரம் முழுவதும் ஒரே தாவலைச் சீராக்குவதில் போனது. விளிம்பைத் தாண்டிய பிறகும் 6 பிரேம் (திரையில் படம் ஆறு முறை மாறும் நேரம்), அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு, தாவும் பொத்தானை ஏற்றுக்கொள்கிறது. இது இல்லாவிட்டால் “அமுக்கினேன், தாவலையே” என்ற புகார்தான் வரும். அப்படியும் தாமதமாகத் தோன்றினால் டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டுப் பாருங்கள். இந்த யோசனையும் சோதித்துப் பார்த்த தம்பிகள் சொன்னதுதான்.

ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் போடும் அண்ணன்மாருக்கு எப்படி நன்றி சொல்வது! கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து, தகட்டு அச்சின் ஒவ்வொரு கண்ணறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் விளிம்பில் ஒன்றோடொன்று லேசாகக் கலப்பதை நின்று பார்க்கவிட்டார்கள். பழைய 8 பிட் நிண்டெண்டோ விளையாட்டுக் கருவியில் 16×16 திரைப்புள்ளிக் (பிக்சல்) கட்டத்துக்குப் பின்னணியோடு சேர்த்து நாலு வண்ணம்தான். நாங்களும் அதே வரம்பை வைத்துக்கொண்டோம். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று ஆத்தங்குடிக் கல் அதற்குள் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. நாலு கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தால் ஒரு பூ முழுமையாகும். ஆட்டத்திலும் ஒரே கட்டத்தை 90 பாகை வீதம் திருப்பினோம். “கல்லுக்குள்ள நிழல் போடாதீங்க” என்று ஒருவர் சொன்னது பொன்னான பேச்சு. நிழலோடு திருப்பினால் நாலு கல்லிலும் வெளிச்சம் நாலு திசையிலிருந்து விழும். தரை மேடுபள்ளமாகத் தெரியும்.

தமிழ் எழுத்துகளைச் சரிபார்த்த ஆசிரியர்களுக்கு நன்றி. பழைய ஆட்டங்களின் 8 புள்ளி உயர எழுத்துக் கட்டத்தில் தமிழ் அடங்காது. ‘நூ’வின் வாலும் ‘கீ’யின் சுழியும் வெட்டுப்படும். 16 புள்ளி உயரம், எழுத்துக்கு எழுத்து வேறு அகலம் என்று வைத்தபின்தான் படிக்க முடிந்தது. வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சாகும் இடத்தில் இன்னொரு வம்பு: ‘க்’ வருவதற்கு முன் ‘க’ மின்னியது, ‘கோ’ வருவதற்கு முன்னும் ‘க’ மின்னியது. யூனிகோட் என்ற கணினி எழுத்துக் குறியீட்டில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் தனிக் குறிகள் என்பதால் கணினி அவற்றைத் தனித்தனியாக எண்ணுகிறது. மெய்யானாலும் உயிர்மெய்யானாலும் ஒரே எழுத்தாக எண்ணச் சொன்னதும் சரியாயிற்று.

பழைய மடிக்கணினிகளில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கும் நன்றி. படத்தின் அளவு 320×180 திரைப்புள்ளி. 1920×1080 திரையில் சரியாக 6 மடங்கு. 1366×768 திரையில் 4 மடங்குதான், அதனால் பக்கவாட்டில் இருபுறமும் 43, மேலும் கீழும் 24 புள்ளி வீதம் கறுப்பாக இருக்கும். அதை நிரப்ப இழுத்தால் சில புள்ளிகள் 4 அகலமும் சில 5 அகலமுமாகி, நடக்கும்போது தரை நெளியும். கறுப்பை அப்படியே விட்டுவிடுங்கள்.

பரிசாக ஆத்தங்குடிக் கல்லே அனுப்பலாம் என்ற ஆசையைத் தடுத்தவர்கள் ஆச்சிமார். கனத்துக்குக் கூரியர் கூலி கட்டாது, மூலை உடைந்துதான் போய்ச் சேரும் என்றார்கள். கல்லுக்குப் பதிலாக ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை) முடைந்து தந்தார்கள். எடை இல்லை, நசுங்கினாலும் நிமிர்ந்துகொள்ளும். ஈரம் மட்டும் ஆகாது, பூசணம் பிடிக்கும். வந்ததும் உறையைப் பிரித்து நிழலில் காற்றாட வையுங்கள்.

ஆட்டத்தின் இறுதிப் பட்டியலில் பணம் போட்டவர்கள் பெயர் அகர வரிசையில், தலைப்பெழுத்தோடு தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதித் தந்தவர்களின் ‘ழ’, ‘ள’, ‘ல’ எது என்று ஊகித்துத்தான் போட்டிருக்கிறோம். பிழை இருந்தால் எழுதுங்கள், அடுத்த திருத்தப் பதிப்பில் மாற்றிவிடுகிறோம்.

நன்றியுடன்,
ஆட்டக் குழுவினர்