17 டெஸ்ட் ஆடியவர்

அன்புள்ள சுந்தரம்,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். உன் வீட்டிலும் அவ்வாறே இருக்கும் என நம்புகிறேன்.

கடிதத்தின் பெரும்பகுதியை நீ இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சனுக்கே கொடுத்திருந்தாய். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். 2003இல் தொடங்கி 2024 ஜூலையில் லார்ட்ஸில் விடைபெறும்வரை 188 டெஸ்ட் ஆடி 704 விக்கெட் எடுத்த இன்னொரு வேகப்பந்து வீச்சாளர் உலகில் இல்லை. 2021 பிப்ரவரியில், பார்வையாளர் எவரும் இல்லாத சேப்பாக்கத்தில், ஐந்தாம் நாள் காலை ஒரே ஓவரில் சுப்மன் கில்லையும் ரஹானேவையும் அவர் போல்டாக்கியதைப் பார்த்த எவருக்கும் அந்தக் கையின் திறமையில் ஐயம் இருக்க முடியாது. ஆனால் வேகப்பந்து வீச்சாளரின் பெருமை அவர் எத்தனை ஆண்டு தாக்குப்பிடித்தார் என்பதில்தான் இருக்கிறது என்று நீ முடித்திருக்கிறாயே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு மறுப்பாக எனக்கு உடனே நினைவுக்கு வருபவர், 1950களில் இங்கிலாந்துக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர் ஃபிராங்க் டைசன். அவர் ஆடியவை 17 டெஸ்ட்கள். எடுத்தவை 76 விக்கெட்டுகள். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் சராசரி 18.56.

ஆண்டர்சனைப் போலவே டைசனும் லங்காஷயர் மண்ணில் பிறந்தவர். போல்டனை அடுத்த ஃபார்ன்வொர்த்தில் 1930இல் பிறந்த அவரைச் சொந்த மாவட்ட (கவுண்டி) அணியான லங்காஷயர் சேர்த்துக்கொள்ளவில்லை, நார்த்தாம்டன்ஷயர்தான் வாய்ப்பளித்தது. 1952இல் அந்த அணிக்காக அவர் ஆடிய முதல் ஆட்டம், இங்கிலாந்துக்குச் சென்றிருந்த இந்திய அணிக்கு எதிரானது. அவரது முதல் பந்தைப் பார்த்ததும் ஸ்லிப்பில் நின்றவர்கள் சில கஜம் பின்னே நகர்ந்தார்கள் என்று ஆங்கிலேயர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றவர் அவர். அக்காலத்தில் பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் ஊதியம் வாங்காத அமெச்சூர்களாக ஆடினார்கள். ஊதியத்துக்கு ஆடும் தொழில்முறை வீரரின் பெயரை ஸ்கோர் அட்டையில் அச்சிடும் முறைகூட வேறாக இருந்தது. டைசனோ படித்தவராக இருந்தும், பந்து வீசுவதையே பிழைப்பாக ஏற்றார். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1954 கோடையின் இறுதியில் ஓவலில் பாகிஸ்தானுக்கு எதிராகத்தான் அவர் முதல் டெஸ்ட் ஆடினார். முதல் இன்னிங்ஸில் 35 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். ஆயினும் பாகிஸ்தான் வென்றது. அந்த ஒரே டெஸ்டின் அனுபவத்தோடு அவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். பெயர்பெற்ற வேகப்பந்து வீச்சாளர் ஃபிரெட் ட்ரூமனுக்கே அந்தப் பயணத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதை எண்ணிப் பார். ஆஸ்திரேலியாவின் லிண்ட்வால், மில்லர் ஆகியோரின் வேகத்தைப் பல ஆண்டுகள் மட்டையோடு எதிர்கொண்ட அணித் தலைவர் லென் ஹட்டன், வேகத்துக்கு வேகத்தாலேயே பதில் சொல்ல வேண்டும் என்று உறுதியாக இருந்தார்.

பிரிஸ்பேனில் நடந்த முதல் டெஸ்டில் அந்த எண்ணம் முழுத் தோல்வியாகவே தெரிந்தது. டாஸில் வென்று ஆஸ்திரேலியாவை ஆடவிட்டார் ஹட்டன். அவர்கள் 8 விக்கெட்டுக்கு 601 ரன் குவித்தார்கள். டைசன் 160 ரன் கொடுத்து எடுத்தது ஒரே ஒரு விக்கெட். இங்கிலாந்து ஓர் இன்னிங்ஸும் 154 ரன்னும் வித்தியாசத்தில் தோற்றது. வேறு யாராக இருந்தாலும் அதோடு அவரை ஓரம் கட்டியிருப்பார்கள். ஹட்டன் அடுத்த டெஸ்டில் அனுபவமிக்க பந்து வீச்சாளர் அலெக் பெட்சரைத்தான் விட்டுவிட்டார், டைசனை வைத்துக்கொண்டார். டைசனும் தம் பங்குக்கு ஒன்று செய்தார். மிக நீண்ட தூரம் ஓடிவந்து வீசிக்கொண்டிருந்தவர், அந்தத் தூரத்தைப் பாதியளவுக்குக் குறைத்துக்கொண்டார். வேகம் சிறிதும் குறையவில்லை. ஏனெனில் அவரது வேகம் ஓட்டத்திலிருந்து வந்ததைவிட முதுகிலிருந்தும் தோளிலிருந்தும் வந்ததே அதிகம். வீணாய்ப் போய்க்கொண்டிருந்த மூச்சு மிச்சமாயிற்று, பந்தும் நினைத்த இடத்தில் விழத் தொடங்கிற்று. நடுத்தொடரில், தோல்விக்குப் பிறகு, பழகிய ஓட்டத்தை மாற்றத் துணிவது எளிதன்று.

சிட்னி டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் அவர் மட்டை பிடித்தபோது, லிண்ட்வால் வீசிய பவுன்சருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள, பந்து பின்மண்டையில் அடித்துக் கீழே சாய்ந்தார். தலைக்கவசம் இல்லாத காலம் அது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் அளவுக்கு அடி பலமாக இருந்தது. அப்படி அடிபட்டவர்தான் 223 ரன் இலக்கோடு வந்த ஆஸ்திரேலியாவைத் தடுக்கப் பந்தெடுத்தார். 85 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். நீல் ஹார்வி 92 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றும், இங்கிலாந்து 38 ரன்னில் வென்றது. மெல்போர்னில் நடந்தது இதைவிடப் பெரிது. வெற்றிக்கு 240 ரன் தேவை என்ற நிலையில், இரண்டு விக்கெட்டுக்கு 75 என்று ஆஸ்திரேலியா கடைசி நாளைத் தொடங்கியது. தங்கள் அணியின் வெற்றியைக் காணத் திரண்டிருந்த கூட்டம் உணவு இடைவேளைக்கு முன்பே வீடு திரும்ப நேர்ந்தது. 111 ரன்னில் அனைவரும் ஆட்டமிழந்தனர். டைசன் 27 ரன் கொடுத்து 7 விக்கெட். தொடரில் மொத்தம் 28 விக்கெட். இங்கிலாந்து 3-1 என்று வென்று, இவ்விரு நாடுகளும் போட்டியிடும் ஆஷஸை வைத்துக்கொண்டது. தாம் பார்த்தவர்களில் இவரே மிகவும் வேகமானவர் என்று பிராட்மன் சொன்னார்.

இந்த வெற்றியைப் பேசும்போது பிரையன் ஸ்டேதமை மறக்கலாகாது. எதிர்முனையில், பெரும்பாலும் காற்றுக்கு எதிராக, ரன் கொடுக்காமல் வீசிக்கொண்டே இருந்தவர் அவர். ஸ்டேதமிடம் ரன் எடுக்க முடியாத ஆட்டக்காரர்கள் தம்மிடம் அவசரப்பட்டு விக்கெட்டை இழந்தார்கள் என்பதை டைசனே மனமார ஒப்புக்கொண்டிருக்கிறார். ஸ்டேதமும் லங்காஷயர்காரர், ஆக நீ கொண்டாடும் ஊரைத்தான் நானும் கொண்டாடுகிறேன்.

அதன்பின் என்ன ஆயிற்று என்று நீ கேட்பாய். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நாட்டிங்ஹாமில் 28 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. முழு எடையும் காலில் இறங்கும்படி வீசுபவருக்குக் குதிகாலும் கணுக்காலும் எத்தனை நாள் தாங்கும்? 1956 ஆஷஸில் ஒரே ஒரு டெஸ்டில்தான் ஆட முடிந்தது. இதில் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. நார்த்தாம்டனின் ஆடுகளம் மெதுவானது. ஜார்ஜ் ட்ரைப் போன்ற சுழல் வீச்சாளர்களுக்கு உகந்ததாகவே அதை அமைத்தார்கள். நாட்டிலேயே வேகமான பந்து வீச்சாளரை வைத்துக்கொண்டு, அவரது வேகம் எழும்பாத மண்ணில் வாரத்துக்கு ஆறு நாள் கவுண்டி ஆட்டம் ஆடவைத்தார்கள். யாரும் அவர் வீசிய ஓவர்களை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆண்டர்சனுக்கு 2006இல் முதுகெலும்பில் நுண்முறிவு ஏற்பட்டபோது ஓய்வு கொடுத்து மீட்டெடுக்க மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். பின்னாளில் இங்கிலாந்து வாரியத்தின் மைய ஒப்பந்தம் அவரைக் கவுண்டிச் சுமையிலிருந்து காத்தது. 704க்குப் பின்னால் அவரது ஒழுக்கத்தோடு இந்த ஏற்பாடும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது டைசனுக்குச் செய்யும் அநீதி.

1960இல் அவர் ஆட்டத்தை விட்டார். முதல்தரப் போட்டிகளில் 767 விக்கெட் எடுத்திருந்தார், வயது 30. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் குடியேறினார். 1932-33 ஆஷஸ் தொடரில் இங்கிலாந்துக்காக 33 விக்கெட் எடுத்து அந்த நாட்டையே கொதிக்கவைத்த ஹெரால்ட் லார்வுட்டும் அதற்குப் பத்தாண்டு முன் அங்கேதான் குடியேறியிருந்தார் என்பது எனக்கு வியப்பாக இருக்கும். டைசன் மெல்போர்னில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார், விக்டோரியா மாநிலக் கிரிக்கெட் சங்கத்தில் பயிற்சித் துறைக்குப் பொறுப்பேற்றார், வர்ணனை செய்தார், நிறைய எழுதினார். பிற்காலத்தில் பம்பாய்க்கு வந்து நம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் பயிற்சியளித்தார். 2015இல் மறைந்தார்.

இப்போது உன் பேரன் விஷயம். வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பந்தைக் காற்றில் வளைக்கும் ஸ்விங்கில் கவனம் செலுத்தினால் நெடுநாள் ஆடலாம் என்று அவனிடம் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறாய். ஸ்விங்கைக் கற்கட்டும், தவறில்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லாதே. அது பயிற்சியால் வருவதன்று, இருக்கிறவனிடம்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, வாரத்துக்கு எத்தனை ஓவர் வீசுகிறான் என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல். முதுகிலோ குதிகாலிலோ வலி என்றால் அன்றே நிறுத்திவிட வேண்டும். படிப்பையும் விட வேண்டாம். டைசனின் பிந்தைய வாழ்க்கையைத் தாங்கியது அந்தப் படிப்புதான். அவன் எவ்வளவு தூரத்திலிருந்து ஓடிவருகிறான், முன்கால் எப்படி இறங்குகிறது என்பதை அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. முடிந்தால் பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் ஒன்றும் அனுப்பு. ஸ்டேதமைப் பற்றி உனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத எண்ணியிருக்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்