சின்ன மீனுக்கும் வட்ட முள்ளே நல்லது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்ராறியோவின் ஏரிக்கரைகளில் பிள்ளைகளோடு தூண்டில் போடும் நம் குடும்பங்கள் கோடைக்குக் கோடை பெருகி வருவது மகிழ்ச்சி தருகிறது. ரைஸ் ஏரியிலும் சிம்கோ ஏரியிலும் அவர்கள் கையில் அகப்படுபவை பெரும்பாலும் புளூகில், பம்ப்கின்சீட், கிராப்பி, மஞ்சள் பேர்ச் போன்ற சிறு மீன்கள்தாம். இவற்றுக்கு உயிருள்ள மண்புழுவைக் கோத்து, மிதப்பைப் பார்த்துக் காத்திருப்பதே வழக்கம். பிள்ளை வேறெங்கோ பார்க்கும் சில நொடிகளுக்குள் மீன் புழுவைத் தூண்டில் முள்ளோடு விழுங்கிவிடும். ஆங்கில 'J' எழுத்து வடிவிலுள்ள சாதாரண முள் அப்போது தொண்டையிலோ செவுளருகிலோ ஏறிவிட, அதைப் பிடுங்கும் முயற்சியில் செவுள் கிழிந்து இரத்தம் வடிகிறது. மிகச் சிறியதென்று மீண்டும் நீரில் விடப்படும் அத்தகைய மீன் பிழைப்பது கடினம்.

கடைகளில் 'சர்க்கிள் ஹூக்' என்ற பெயரில் கிடைக்கும் வட்ட முள் இந்தக் கேட்டைப் பெருமளவு தவிர்க்கிறது. அதன் கூர்முனை வெளிநோக்கி நிற்காமல் முள்ளின் நேரான தண்டை நோக்கி உள்வளைந்திருப்பதால், மீன் விழுங்கினாலும் தொண்டைச் சதையில் எளிதில் தைப்பதில்லை. தூண்டில் நூலான தங்கூசி இறுகும்போது முள் வழுக்கி மேலேறி, வாயின் ஓரத்தை அடைந்ததும் திரும்பித் தாடையின் மூலையில் மாட்டிக்கொள்கிறது. பெருங்கடல் மீன்பிடியில் நெடுங்காலமாகப் புழங்கும் முள் இது. அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையோர மாநிலங்களில் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனுக்கு இயற்கை இரை கோத்துத் தூண்டில் போடுவோர் 2021 முதல் இதையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. சிறு மீனுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள், சிறு மீனின் தொண்டைக்கும் செவுளுக்கும் இடையிலுள்ள தொலைவு எவ்வளவு குறைவு என்பதை ஒருமுறை பார்த்தால் போதும்.

ஆனால் முள்ளை மாற்றினால் கையின் பழக்கமும் மாற வேண்டும். மிதப்பு அமிழ்ந்தவுடன் சுண்டி இழுப்பவர்களுக்கு இந்த முள் வெறுமையாகவே திரும்பி வரும். "இது பிடிக்காது" என்று பலர் ஒதுக்கிவிடுவதற்குக் காரணமும் அதுவே. மீனை இரையோடு நகரவிட்டு, தங்கூசி நேராகியதும் நிதானமாகச் சுற்றினாலே போதும். புளூகிலின் வாய் மிகச் சிறியது என்பதால் 8 அல்லது 10ஆம் இலக்கச் சிறு முள்ளே பொருந்தும். புழுவைத் திரளாகச் சுருட்டிக் கோத்தால் முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அடைபட்டுப்போகும். சிறு துண்டொன்றை ஓரிடத்தில் மட்டும் குத்தி, முனை வெளியே தெரியும்படி விட வேண்டும். மேசையில் வைத்தால் தட்டையாகப் படியும் முள்ளைத் தேர்ந்து வாங்குவது முக்கியம். முனை பக்கவாட்டில் திருகியிருக்கும் வகை, வட்ட வடிவில் இருந்தாலும், ஆழமாகத் தைக்கக்கூடியது. கிராப்பியின் வாய்த்தோல் மெல்லியது. சுண்டினால் கிழிந்துவிடும் என்பதால் அதற்கும் இந்த மென்மையான இழுப்பே ஏற்றது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கனடாவில் வசிப்போர் ஒன்ராறியோவில் உரிமமின்றி மீன்பிடிக்கக்கூடிய நாட்களுள் ஜூன் மாதத்துத் தந்தையர் தின வார இறுதியும் ஒன்று. புதிதாகத் தூண்டில் பிடிப்போர் கரைகளில் நிறையும் அந்த வேளையில்தான், ஆழமற்ற நீரில் ஆண் புளூகில்கள் வட்டக் குழிகள் அமைத்து முட்டைகளைக் காத்து நிற்கின்றன. நெருங்கும் எதையும் அவை பாய்ந்து கவ்வும். காவல் நிற்கும் ஆண் மீன் ஒன்று இறந்தால், அதன் கூட்டிலுள்ள முட்டைகளைப் பிற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

ஆகவே தங்கள் பத்திரிகை, ஜூன் பிறக்குமுன், இந்த முள்ளைக் கோக்கும் முறையைப் படத்துடன் வெளியிட வேண்டுகிறேன். திருப்பி விட வேண்டிய மீன் எந்த முள்ளையேனும் ஆழமாக விழுங்கியிருந்தால், பிடுங்காமல், நனைத்த கையால் மீனைப் பிடித்து, வாயருகே தங்கூசியை வெட்டி உடனே நீரில் விட வேண்டும் என்பதையும் அதில் சேர்த்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ