அந்த அத்தியாயத்தை எடுத்துவிடாதே

கடலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. வண்டிப்பாளையம் அத்தை வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, நீ சொன்னபடியேதான். சரி, அதெல்லாம் நேரில்.

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. 'வார இதழெல்லாம் ஒரு ஆதாரமா?' என்று உன் கைடு ஆய்வேட்டின் ஓரத்தில் எழுதிவிட்டார், சுனாமி பீதியைப் பற்றிய அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடலாம் போலிருக்கிறது என்றாய். அதற்கப்புறம் உன்னிடமிருந்து சத்தமே இல்லை. கூப்பிட்டால் 'அப்புறம் பேசறேம்பா' என்று ஒரு மெசேஜ். வேலை இருக்கும், புரிகிறது. ஆனால் அவசரப்பட்டு அதை எடுத்துவிடாதே.

பரணிலிருந்து 2005 ஜனவரி இதழ்களை இறக்கினேன். நூலகத்தில் எடைக்குப் போட்டபோது காசு கொடுத்து நான் வாங்கி வந்த கட்டு. அன்றைக்கு அம்மா பேசிய பேச்சு உனக்கு நினைவிருக்கும். நீ மேற்கோள் காட்டிய கட்டுரை அதில் இருக்கிறது. நிதானமாகப் படித்தேன். முதல் பாதிக்கு நிருபர் பெயர் போட்டிருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் எந்தத் தெரு, உடைந்த ஃபைபர் படகு எங்கே கிடந்தது, கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தவர்களில் யார் என்ன சொன்னார்கள் என்று வரிக்கு வரி இருக்கிறது. போய் நின்று பார்க்காமல் அப்படி எழுத முடியாது. பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி: 'மீண்டும் கடல் பொங்கும் என்று விஞ்ஞானிகள் எச்சரிப்பதாகக் கூறப்படுகிறது.' எந்த விஞ்ஞானி, எந்த ஊர், யாரிடம் சொன்னார், ஒன்றும் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை. ஒரே இதழ், ஒரே பக்கம். இதை எப்படி மொத்தமாக நம்புவது, மொத்தமாகத் தள்ளுவது? வரி வரியாகத்தான் எடைபோட வேண்டும். உன் கைடு கேட்டதில் தப்பில்லை, ஆனால் நீ அவருக்குச் சொல்லவேண்டிய பதில் இதுதான்.

அந்தப் பெட்டிச் செய்தியையும் வீணென்று நினைக்காதே. 2004 டிசம்பர் 30 உனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும், சின்னப் பிள்ளை. மறுபடியும் அலை வரலாம் என்று உள்துறை அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. கடலோர ஜனமெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடியது. அதற்கு அறிவியல் ஆதாரமே கிடையாது என்று பிறகு கபில் சிபல் சொன்னார். அவர்தான் அப்போது அறிவியல் அமைச்சர். அலை வரவில்லை. கடலைப் பற்றிச் சொல்ல அந்தப் பெட்டிச் செய்தி உதவாது. ஆனால் ஜனங்கள் எதைக் கேட்டு ஓடினார்கள் என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? உன் அத்தியாயமே பீதியைப் பற்றியதுதானே! இதை முகப்பில் எழுதிவிட்டால் யார் என்ன கேட்க முடியும்?

இங்கிலீஷ் பத்திரிகையாக இருந்தால் பரவாயில்லை என்று உன் கைடு வேறு சொன்னாராமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஜெர்மனியில் 'டெர் ஷ்பீகல்' எவ்வளவு பெரிய பத்திரிகை! தகவல் சரிபார்க்கவே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அங்கே கிளாஸ் ரெலோட்டியஸ் என்பவர் வருஷக்கணக்கில் ஆட்களையும் பேச்சையும் இட்டுக்கட்டி எழுதி விருதுகள் வாங்கினார். 2018 டிசம்பரில்தான் அது வெளியே வந்தது. கண்டுபிடித்தவர் அவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிய ஹுவான் மொரேனோ. ரெலோட்டியஸ் சந்தித்ததாக எழுதியிருந்தவர்களை அமெரிக்காவுக்குப் போய்த் தேடிப் பிடித்துக் கேட்டார். அப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை என்றார்கள். ஊர்ப் பெயரையும் தேதியையும் மேசையில் உட்கார்ந்து சரிபார்க்கலாம். பேச்சு நடந்ததா என்று ஆளைத் தேடிப் போனவருக்குத்தான் தெரிந்தது. நீயும் அப்படிப் போகலாம். அந்த நிருபர் பேசிய குடும்பங்களில் சிலர் இன்னும் இங்கேதான் இருப்பார்கள். வா, நான் கூட வருகிறேன்.

இன்னொன்று. இரண்டு பத்திரிகையில் வந்திருக்கிறது என்று அடிக்குறிப்பில் இரண்டையும் போட்டிருக்கிறாய். இரண்டுமே பி.டி.ஐ. என்ற செய்தி நிறுவனம் அனுப்பிய ஒரே செய்தியை வைத்து எழுதியிருந்தால் அது ஒரே சாட்சிதான். இரண்டிலும் ஒரே சொற்கள், ஒரே எண்ணிக்கை வருகிறதா என்று பார். அடுத்தடுத்த இதழ்களில் 'வருந்துகிறோம்' என்று திருத்தம் ஏதாவது போட்டார்களா என்றும் பார். அப்போதெல்லாம் மார்ச் மாதம் வரும் முதல் இதழில் உரிமையாளர் விவரம் போடுவார்கள், நான்காம் படிவம் என்று. நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் வைத்திருப்பவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கும். யார் பணத்தில் அந்தப் பத்திரிகை நடந்தது என்று தெரிந்துகொண்டு படி. ஆனால் அச்சில் இருக்கும் பெயரோடும் நின்றுவிடாதே. 1908-ல் 'இந்தியா' பத்திரிகை வழக்கில் சிறைக்குப் போனவர் ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசன்; எழுதிய பாரதி புதுச்சேரிக்கு வந்துவிட்டார். சட்டப்படி பதில் சொல்பவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர். இரண்டு பெயரும் வேண்டும்.

நூலகத்தில் நான் கட்டுக் கட்டாக அடுக்கிவைத்த பத்திரிகைகளில் ஒரு வரியை எப்படி நம்புவது என்று என் மகள் ஆராய்ச்சி செய்கிறாள். உன் கட்டுரை வந்த அந்த ஆய்விதழை வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் இன்னும் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் சிவப்பு மையில் ஒரு வரி பார்த்துவிட்டுச் சுருண்டுவிடுவதா? எங்களிடம்கூடச் சொல்லாமல் இருப்பதா? அம்மா ராத்திரி எழுந்து எழுந்து போனைப் பார்க்கிறாள்.

இதழை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன், பக்கத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன். அத்தியாயத்தை எடுக்காதே. கிடைத்ததும் கூப்பிடு. அப்போது ஒன்று மட்டும் நேராகச் சொல்லிவிடு பாப்பா: அத்தியாயத்தை மட்டும்தான் விட நினைக்கிறாயா, இல்லை படிப்பையே விட்டுவிட்டாயா? எதுவானாலும் நான் கோபப்பட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா