2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன்.

மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடி, ஆரையம்பதி, ஏறாவூர்ப் பகுதிகளிலும் உள்ளவர்களை அங்கத்தவர்களாகக் கொண்ட எமது பல்சமய மன்றத்தின் 2024ஆம் ஆண்டறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. இரண்டு தேர்தல்கள் வந்ததால் செப்டெம்பர், நவம்பர் கூட்டங்கள் மட்டும் தள்ளிப்போயின.

நான்கு சமயப் பெரியார்களை மேடையேற்றி, குத்துவிளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, மதியச் சாப்பாட்டோடு கலைந்துபோகும் விழாவை இவ்வருடம் நடத்துவதில்லை என்று ஜனவரியிலேயே தீர்மானித்தோம். சிலருக்கு மனவருத்தம்தான். ஆனால் 2019க்கு முன்னரும் இந்த மாவட்டத்தில் அத்தகைய மேடைகளுக்குக் குறைவிருக்கவில்லை. பத்திரிகையில் படம் வந்ததைத் தவிர அவற்றால் என்ன நடந்தது என்று ஒரு அங்கத்தவர் கேட்டபோது எவரிடமும் பதில் இல்லை. அந்தப் பணத்தில் வாசிப்புக் கூட்டங்களை நடத்தினோம்.

ஏப்ரல் 21 அன்று 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் ஐந்தாம் ஆண்டு நினைவு. சீயோன் தேவாலயத்தில் அன்று பலியானவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் அடங்குவர் என்பது இங்கு எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அஞ்சலிக்குப் பின்னர் நடந்த கலந்துரையாடலில், "முஸ்லிம் மக்கள் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே" என்று ஒருவர் கேட்டார். காத்தான்குடியிலிருந்து வந்திருந்த மௌலவி எழுந்து சொன்னதை அப்படியே கூட்டக் குறிப்பில் பதிந்திருக்கிறேன்: "சேர், நாங்க சொன்னம். பொலிசிலயும் சொன்னம், எழுதியும் குடுத்தம். கேக்க வேண்டிய ஆக்கள்தான் கேக்கல்ல."

அவர் சொன்னது உண்மை. 2017 மார்ச் 10 அன்று காத்தான்குடி அலியார் சந்தியில், பின்னர் அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் ஆட்கள் சூஃபி பிரிவினரோடு மோதிய பிறகு அவர் தலைமறைவானார். அவருக்கு எதிராக ஊரவர்களே முறைப்பாடு செய்தார்கள். அவருடைய காணொளிகள் தமிழில் இருந்தன. ஒளித்துப் பேசிய பேச்சல்ல. 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அரசு அசையவில்லை என்பதால்தான் 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்துமாறு பணித்தது. அதே மௌலவி இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார்: 2004இலும் 2006இலும் சூஃபி பிரிவினர்மீது காத்தான்குடியில் வன்முறை நடந்தபோது ஊரில் வாய் திறந்தவர்கள் சிலர்தான். அந்தக் கூட்டத்திலேயே அதிக நேரம் நிசப்தம் நிலவியது இந்த இடத்தில்தான்.

ஜூன் மாதம் அரசியலமைப்பை வாசித்தோம். 1947 சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, எந்தச் சமயத்துக்கும் தனிச்சலுகை கொடுக்கவும் தனித்தடை விதிக்கவும் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. 1972இல் அது போய், பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1978 யாப்பின் 9ஆம் உறுப்புரையில் அது தொடர்கிறது. ஏனைய சமயத்தவரின் உரிமைகளுக்கும் அதே வாக்கியத்தில் உத்தரவாதம் உண்டு. மாற்றுவதானால் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். எங்கள் சிங்கள அங்கத்தவரான ஓய்வுபெற்ற ஆசிரியர், "அந்த வரி பௌத்தருக்கு ஒரு மனநிம்மதி, அதை எடுக்கச் சொன்னால் தீவிரவாதிகளுக்குத்தான் இலாபம்" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வரி சும்மா இருக்கவில்லை. 2003இல் மென்சிங்கன் கன்னியாஸ்திரிகள் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் நிராகரித்தபோது காட்டிய காரணங்களில் 9ஆம் உறுப்புரையும் ஒன்று.

என்னுடைய கருத்தையும் பதிவு செய்கிறேன், உடன்படாதவர்கள் பிறகு பேசலாம். யாப்பில் உள்ள வரியைவிட, அதை வைத்துக்கொண்டு அதிகாரிகள் நடந்துகொள்ளும் விதம்தான் மக்களைத் தூரத் தள்ளுகிறது. 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் உடுத்திருந்த சட்டையில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று நினைத்துவிட்டார்கள். அதே மாதம் பொது பல சேனா அமைப்பின் ஞானசார தேரருக்கு ஜனாதிபதியின் பொதுமன்னிப்பு கிடைத்தது. 2021 ஒக்டோபரில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்கு அவரே தலைவர். 2016இல் இஸ்லாத்தை அவமதித்துப் பேசியதற்காக அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது இவ்வருடம் மார்ச்சில். பேசி எட்டு வருடம் கழித்து! இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பையனிடம் அரசாங்கத்தின் வாயால் நிதானம் பற்றிப் பேசினால் எடுபடாது. அவனுடைய பள்ளிவாசலில், அவனுக்குத் தெரிந்த ஒருவர் சொன்னால் கேட்பான். சொல்பவருக்குப் பின்னால் நீதியான அரசு இருந்தால் இன்னும் நன்றாகக் கேட்பான்.

ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் ஷுஹதாக்கள் (உயிர்த்தியாகிகள்) தினம். 1990இல் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக்கொன்ற நாள். எங்கள் தமிழ் அங்கத்தவர்கள் போனார்கள். அதே வருடத்தில் தமிழருக்கு நடந்தவற்றைச் சொல்ல நிறைய இருந்தும் அன்று எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு வந்தார்கள். அது சரியான முடிவு.

அதே மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகருக்கும் போனோம். கொவிட் காலத்தில் முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் கட்டாயம் எரிக்க வைத்ததற்காக அமைச்சரவை ஜூலையில்தான் மன்னிப்புக் கேட்டிருந்தது. அடக்கம் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் 2021 பெப்ரவரி வரை எரிப்பதொன்றே வழி என்றார்கள். அனுமதி வந்த பிறகு நாடெங்குமிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. அவற்றில் மாற்று மதத்தவரும் உண்டு. மண் மேடுகள் வரிசையாகத் தெரிகின்றன. எவரும் அங்கே உரையாற்றவில்லை.

அடுத்தவர் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைக்கவேண்டாம். 2018இல் திருகோணமலைப் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவதை எதிர்த்து எமது இந்து மக்களே கொடி பிடித்தார்கள். 2016இல் வவுனியாவில் சிவசேனை என்ற இந்து அமைப்பு தொடங்கியபோது நம் கோயில் நிர்வாகங்கள் வேடிக்கை பார்த்தன. இதைக் கண்டிக்க வேண்டியவர் மௌலவி அல்ல, குருக்களும் தர்மகர்த்தாவும்தான். ஒக்டோபர் கூட்டத்துக்கு அழைத்த கோயில் நிர்வாகங்களில் சில வரவில்லை. வந்தவர்களுக்கு நன்றி.

அடுத்து, சர்ச்சைக்குரிய விடயம். "தீவிரப் போக்குடைய இளைஞர்களின்" பெயர்ப்பட்டியல் தரமுடியுமா என்று அலுவலகமொன்றிலிருந்து வாய்மொழியாகக் கேட்டார்கள். நிர்வாகக் குழு இரண்டாகப் பிரிந்து வாதிட்டு, பெரும்பான்மை வாக்கால் மறுத்தது. வெடிபொருளோ கொலைத் திட்டமோ தெரியவந்தால் அன்றே பொலிசுக்குச் சொல்லவேண்டும், அதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. தாடி நீளமென்றும், கந்தூரி விருந்துக்கு வரவில்லையென்றும் பெயர் எழுதிக்கொடுக்க ஆரம்பித்தால், பிறகு எந்தப் பையன் எங்களிடம் மனம்விட்டுக் கதைப்பான்? எதிர்த்து வாக்களித்த அங்கத்தவர்களின் ஆட்சேபம் குறிப்பேட்டில் உள்ளது.

வரவுசெலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். மண்டப வாடகை ஏறிவிட்டது, சந்தா நிலுவை உள்ளவர்கள் தயவுசெய்து கவனிக்கவும். பெண் அங்கத்தவர்கள் இன்னும் கைவிரல்களில் எண்ணத்தக்க அளவே. மாலைக் கூட்டங்களை ஞாயிறு காலைக்கு மாற்றினால் வரலாம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

வரும் வருடத்துக்கு இரண்டு பிரேரணைகள் சபை முன் உள்ளன. ஒன்று, கூட்ட நேர மாற்றம். மற்றையது, ஊரவர் முறைப்பாடு கொடுத்தால் அதன் பிரதியை மன்றம் பெற்று, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று மூன்று மாதத்துக்கொரு தடவை பொலிசிடம் எழுத்தில் கேட்பது. இரண்டாவதை முன்மொழிந்தவர் மேற்சொன்ன மௌலவி. வழிமொழிய ஒருவர் தேவை.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

கௌரவ செயலாளர்