சுரங்கத் தாத்தா போட்ட ஓட்டு

டீல், கென்ட்
2025 மே 25, ஞாயிறு

அன்புள்ள செல்வி,

இங்கே நானும் அவரும் நலம். கெவினுக்கு மட்டும் இருமல் நிற்கவில்லை. உன் அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒழுங்காக ஒரு கடிதம்கூட எழுதவில்லை. வாய்ஸ் மெசேஜில் அரைகுறையாகப் பேசியதோடு சரி. அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எலெக்‌ஷன் முடிந்த மறுநாளே நீ "உங்க ஊர்ல என்னட்டி ஆச்சு?" என்று கேட்டிருந்தாய். அன்றைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். நாளை இங்கே பொது விடுமுறை, எனக்கு மதியம்தான் டியூட்டி. அதனால் இன்று ராத்திரி உட்கார்ந்துவிட்டேன். நீளமாகப் போகும். பாதியில் மடக்கிவிடாதே.

முதலில் நல்ல சேதி. நான் இங்கே ஓட்டுப் போட்டேன்! நம்பமாட்டாய். விசாவில் வந்தவர்களுக்கு எங்கே ஓட்டு என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் இங்கே சட்டப்படி குடியிருந்தால் ஓட்டு உண்டாம், பார்லிமென்ட் தேர்தல் உட்பட. போன வருஷம் ஜூலையில் அது தெரியாமல் சும்மா இருந்துவிட்டேன். இந்த முறை கென்ட்டின் உள்ளாட்சி மன்றமான கவுன்டி கவுன்சில் தேர்தலுக்குப் பதிவு செய்து, மே 1 அன்று சர்ச் ஹாலுக்குப் போனேன். ஏதாவது போட்டோ அடையாளம் காட்ட வேண்டும். நம் இந்திய பாஸ்போர்ட்டே போதும் என்றார்கள். அந்தச் சிங்க முத்திரையைப் பார்த்துவிட்டு இங்கிலாந்து ஓட்டுச்சீட்டை நீட்டியபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது செல்வி. மெஷின் எல்லாம் கிடையாது. ஒரு மரத்தடுப்பு, நூலில் கட்டிய ஒரு பென்சில், பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். விரலில் மை வைக்கமாட்டார்கள். வெளியே வந்த பிறகும் இடது கை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நான் தனியாகப் போகவில்லை. எங்கள் முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொள்ளும் சுரங்கத் தாத்தாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

போன கிறிஸ்துமஸுக்கு போட்டோ அனுப்பினேனே, சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, கெவினுக்கு சாக்லேட் கொடுத்தாரே, அவர்தான். 88 வயது. இந்த ஊருக்குப் பக்கத்தில் பெட்டஷாங்கர் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. கென்ட்டில் கடைசியாக மூடிய சுரங்கம் அதுதான், 1989இல். பதினைந்து வயதில் உள்ளே இறங்கியவர், மூடும் வரைக்கும் அங்கேதான் வேலை. 1984இல் ஆரம்பித்த பெரிய வேலைநிறுத்தத்தில் ஒரு வருஷம் சம்பளமே இல்லாமல் நின்றவர். அவருடைய அப்பா வடக்கே டர்ஹமிலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்தவராம். அந்தக் காலத்தில் டீலில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் "சுரங்கக்காரர்களுக்கு இடமில்லை" என்று ஜன்னலில் எழுதி வைத்திருப்பார்களாம். கரி படிந்த ஆட்கள், பேச்சு வேறு மாதிரி, சண்டைக்காரர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் ஒதுக்கினார்களாம். அப்பா அந்த ஜன்னல்களைக் கடந்து நடந்த கதையை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சாயங்காலம் காலுக்கு க்ரீம் தடவும் நேரம்தான் அவருக்குக் கதை நேரம்.

ஓட்டுப் போட அவர் காட்டிய அடையாளம் என்ன தெரியுமா? முதியோர் பஸ் பாஸ். கவுன்டி கவுன்சில் கொடுத்தது. அதைக் காட்டித்தான் கவுன்டி கவுன்சிலுக்கு ஓட்டுப் போட்டார். திரும்பி வரும் வழியில், மேட்டில் நான் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, தானாகவே சொன்னார்: "நான் ஃபராஜ் கட்சிக்குப் போட்டேன். இந்தப் படகுகளை யாராவது நிறுத்தணும்." நான் ஒன்றும் சொல்லவில்லை. போர்வையைச் சரிசெய்து முழங்காலை மூடிவிட்டேன். கடல் பக்கமிருந்து நல்ல காற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை எண்ணினார்கள். டீ நேரத்தில் போனைத் திறக்கும்போதெல்லாம் ஒவ்வொரு தொகுதியாக வந்துகொண்டிருந்தது. மொத்தம் 81 இடங்கள். ஃபராஜின் கட்சியான ரிஃபார்ம் யூகேக்கு 57. லிபரல் டெமாக்ரட் 12, கிரீன் 5, லேபர் 2. 1997 முதல் ஆண்டுகொண்டிருந்த கன்சர்வேடிவுக்கு வெறும் 5! போன தேர்தலில், 2021இல், அவர்களுக்கு 62 இடங்கள் இருந்தன. ரிஃபார்முக்கு அப்போது இங்கே ஒரு ஆள் கிடையாது. கென்ட் மட்டும் இல்லை, அன்றைக்குத் தேர்தல் நடந்த 23 கவுன்சில்களில் பத்து அவர்கள் கைக்குப் போய்விட்டது. தாத்தாவின் அப்பா ஊரான டர்ஹமிலும் 98இல் 65 அவர்களுக்கு. இந்த நாட்டில் லேபர் கட்சி முதன்முதலில் பிடித்த கவுன்டி கவுன்சில் டர்ஹம்தான், 1919இல். இப்போது அங்கே லேபருக்கு நான்கு பேர். இதைச் சொன்னபோது தாத்தா சிரிக்கவில்லை. "அப்பா இருந்திருந்தா என்னை அடிச்சிருப்பார்" என்றார்.

இங்கேயும் நம் ஊர் முறைதான், யாருக்கு ஒரு ஓட்டு கூடுதலோ அவர்தான். நான்கு ஐந்து கட்சிகள் பிரித்துக்கொள்ளும்போது பாதிக்குக் கீழே வாங்கியே முக்கால்வாசி இடத்தை அள்ளிவிடலாம். அதனால் கென்ட் முழுக்க நம்மை வெறுக்கிறது என்று நினைத்துக்கொண்டு நீ அங்கே அழாதே. கடைக்குப் போனால் முன்பு போலவேதான் பேசுகிறார்கள். கெவினின் பள்ளிக்கூடத்திலும் ஒரு வித்தியாசமும் இல்லை.

என் கவலை வேறே. தேர்தல் முழுக்கப் படகு, எல்லை என்றே பேசினார்கள். டோவர் துறைமுகம் இதே கவுன்டியில் இருப்பதால், பிரான்ஸிலிருந்து ஆங்கிலக் கால்வாய்க் கடலைத் தாண்டி அடைக்கலம் தேடி ஆட்கள் வரும் ரப்பர் படகுகளை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் படகை நிறுத்துவது கவுன்சிலின் வேலையே இல்லை, அது லண்டன் அரசாங்கத்தின் வேலை. அந்தப் படகில் பெற்றோர் இல்லாமல் தனியாக வந்து இறங்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் கவுன்சிலின் கடமை. 1989ஆம் வருஷக் குழந்தைகள் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தப் பிள்ளைகளை முழுசாக ஏற்காமல் விட்டது தப்பு என்று 2023இல் இதே கவுன்சிலுக்கு எதிராக ஹைகோர்ட் தீர்ப்பே இருக்கிறது. யார் ஜெயித்து வந்தாலும் அதிலிருந்து நழுவ முடியாது.

அப்புறம் கவுன்சிலுக்கு என்னதான் வேலை என்றால், சாலைக் குழி அடைப்பது, நூலகம், பள்ளிப் பிள்ளைகளுக்கு பஸ். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு எங்கள் தாத்தா பாட்டிகள். கையிருப்பும் சொத்தும் சேர்த்து 23,250 பவுண்டுக்குமேல் இருந்தால் இல்லத்தின் செலவை அவரவரே கட்ட வேண்டும். வீட்டை விற்றுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கீழே போய்விட்டால் கவுன்சில் கட்டும். எங்கள் இல்லத்தில் பாதிக்குமேல் கவுன்சில் கட்டில்கள்தான். சுரங்கத் தாத்தாவும் அப்படித்தான். அவர் படுக்கும் கட்டில், நான் தடவும் க்ரீம், என் சம்பளம் எல்லாம் அந்த 81 பேர் போடும் பட்ஜெட்டிலிருந்து வருகிறது. பிரச்சார நோட்டீஸ் நான்கு வகை என் வீட்டுக்கு வந்தது. ஒன்றிலாவது கட்டில் என்ற வார்த்தையைத் தேடினேன். இல்லை.

இந்த ஏப்ரலில் ஒரே நேரத்தில் இரண்டு சுமை ஏறியது. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனது, அது எங்களுக்கு நல்லது. ஊழியர் சம்பளத்தின் மேல் முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ் 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. வருஷத்துக்கு 9,100 பவுண்டு சம்பளத்துக்கு மேலே கட்டியது போய், 5,000க்கு மேலேயே கட்ட வேண்டும். எங்களைப் போல நிறையப் பேர் குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் இடங்களுக்கு இது பெரிய அடி. கவுன்சில் தரும் பணம் அந்த அளவுக்கு ஏறவில்லை என்று எங்கள் மேனேஜர் கால்குலேட்டரும் கையுமாகவே இருக்கிறார். கவுன்சில் தன் வரியையும் இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. 5 சதவீதம் தொட்டாலே மக்களிடம் தனி வாக்கெடுப்பு வைக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் வீண்செலவை வெட்டுவோம் என்கிறார்கள். வீண்செலவு இருந்தால் வெட்டட்டும், நல்லதுதான். ஆனால் எதை வீண் என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒருநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் இல்லத்துக்கு வந்து நிற்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாட்டியை ஒரே ஆள் எப்படித் தூக்குவது என்று காட்டச் சொல்ல வேண்டும். லிண்டன் கெம்காரன் என்பவர்தான் இப்போது தலைவர், முன்பு பிபிசியில் வேலை செய்தவர். அவர் நேரில் வந்து பார்ப்பவராக இருக்க வேண்டுமென்று நிஜமாகவே ஜெபம் செய்கிறேன்.

இன்னொன்று. 12 மாவட்டக் கவுன்சில்களையும் இந்தக் கவுன்டி கவுன்சிலையும் கலைத்துவிட்டுப் புது அமைப்பு கொண்டுவரப் போகிறார்கள். அதற்காகத் தேர்தலைத் தள்ளிவைக்கச் சொல்லி கென்ட் கேட்டது, அரசாங்கம் மறுத்துவிட்டது. எஸ்ஸெக்ஸ், சர்ரே என்று ஒன்பது இடங்களில் தள்ளிவைத்தார்கள். ஆக, இப்போது ஜெயித்தவர்கள் கலையப் போகிற வீட்டுக்குத்தான் குடிவந்திருக்கிறார்கள். அடுத்து வரும் அமைப்பில் எங்கள் கட்டிலுக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று கேட்டால் மேனேஜருக்கே தெரியவில்லை.

சரி, உனக்குச் சொல்லத் தயங்கியது இனிமேல்தான். தேர்தல் முடிந்த பதினோராம் நாள், மே 12, லேபர் கட்சி அரசாங்கம் குடியேற்றம் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை விட்டது. தோற்ற பயத்தில்தான் இவ்வளவு கடுமை என்று எங்கள் டீ ரூமில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே நிறுத்தப் போகிறார்கள். நிரந்தரமாகத் தங்கும் உரிமை ஐந்து வருஷத்துக்குப் பதில் பத்து வருஷமாம். நான் 2022 அக்டோபரில் வந்தேன். 2027 அக்டோபர் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன், நீதான் அந்தப் படத்துக்கு இதயம் போட்டாய். ஏற்கெனவே இங்கே இருப்பவர்களுக்கும் இது பொருந்துமா என்று இன்னும் முடிவாகவில்லை. அந்த நிச்சயமின்மைதான் தூங்கவிடவில்லை. ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் போன வருஷம்தான் அடைந்தது. கெவின் நம் தமிழை மறந்துகொண்டிருக்கிறான். அந்தப் பத்து வருஷம் முடியும்போது அவனுக்குப் பதினெட்டு.

அன்று சாயங்காலம் டிவியில் அந்தச் சேதி ஓடியது. தாத்தா என்னைப் பார்த்து, "இது உனக்கும் சேர்த்தா?" என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். "நான் உன்னைச் சொல்லலையே" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. நான் சாக்ஸை மாட்டிவிட்டு எழுந்தபோது, "பத்து வருஷமா? அதுவரைக்கும் நான் இருக்கமாட்டேனே" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும் என்று பார்த்தேன் செல்வி. வரவில்லை. வருத்தம்தான் வந்தது, அது இன்னும் போகவில்லை. அவர் அப்பா கடந்து போன அந்த ஜன்னல்களைப் பற்றி அவரிடமே எடுத்துக் கேட்கலாமா என்று தினமும் நினைக்கிறேன். காலில் க்ரீம் தடவும்போது வாய் வரைக்கும் வருகிறது. 88 வயது மனிதரிடம் அப்படிக் கேட்பது சரியா? நீ சொல், உனக்குத்தான் இதிலெல்லாம் நிதானம்.

உன் மாணவிகளிடம் நாளைக்கே சொல்லிவிடு: கேர் வொர்க்கர் விசா என்று எந்த ஏஜென்ட் வந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. விசாவுக்காக வேலை தருபவர் கொடுக்கும் ஸ்பான்சர் சான்றிதழை விலைக்கு விற்பதே குற்றம். போன வருஷம் மார்ச்சிலிருந்தே அந்த விசாவில் வருகிறவர்கள் கணவனையும் பிள்ளையையும் கூட்டி வர முடியாது, அதையும் சொல். நர்ஸாகப் பதிவு செய்து வருகிற வழி திறந்துதான் இருக்கிறது. ஆங்கிலத் தேர்வை இப்போதே படிக்கச் சொல். நானும் ஓஇடி என்ற அந்த ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதிக்கு மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டேன். கெவின் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம். நம் மேட்ரன் அம்மா பின்னால் நிற்பதாக நினைத்துக்கொள்கிறேன், கையெழுத்து தானாக நேராகிறது.

மணி பன்னிரண்டு ஆகிறது. சாரதா ஜூனில் வருகிறாளாம். அவளிடம் அரைக்கிலோ பனங்கற்கண்டும் சித்தரத்தையும் கொடுத்துவிடு, கெவினுக்கு. நாளை மதியம் தாத்தாவுக்கு ஷேவ் செய்ய வேண்டும், நான் வரும் வரைக்கும் வேறு யாரையும் கன்னத்தில் கைவைக்க விடமாட்டார்.

அன்புடன்,
ஜெயா