குமரனுக்கு, அவள் முடியைப் பற்றி

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் தேவலை. பிசியோதெரபிக்கு வரும் பையனோடு அரசியல் பேசிக்கொண்டே காலை மடக்கி நீட்டுகிறார். மாடித் தண்ணீர்த் தொட்டியை மாற்றியாகிவிட்டது. தில்லைநகர் வீட்டு வாடகை விஷயம் அப்புறம் எழுதுகிறேன். இதை நானே போனில் தட்டித் தட்டி அடிக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லிவைக்காதே.

ஞாயிறு தோறும் கூப்பிடுகிறாய், சந்தோஷம். மாயா விழுந்த பல்லைக் காட்டுகிறாள், வரைந்த யானையைக் காட்டுகிறாள். நவோமி எங்கே என்று கேட்டால் வேலை என்கிறாய், கடைக்குப் போயிருக்கிறாள் என்கிறாய், தூங்குகிறாள் என்கிறாய். உன் ஊரில் பகல் பதினோரு மணிக்குத் தூங்குகிற பெண்ணா அவள்?

அவள் பார்லரில் முடியை நேராக்கிக்கொண்டு வந்து உன் பின்னால் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. "சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்மா, அந்தக் கெமிக்கலை விடமாட்டேங்கறா, இவளுக்குத் தன் முடியே பிடிக்கலை" என்றாய். தமிழில் சொன்னால் புரியாது என்று நினைத்தாயா? இத்தனை வருஷம் நம் வீட்டு மருமகளாக இருப்பவள். 'முடி' தெரியும், 'பிடிக்கலை' தெரியும், 'கெமிக்கல்' உனக்கு முன்னாலேயே தெரியும்.

உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. முடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சிகாகோவில், நவோமியைப் போலவே கறுப்பினத்தவரான டோரத்தி ஆன்ட்டி வீட்டு அடுப்படியில் வளர்ந்தவன் நீ. எனக்கு நைட் டியூட்டி என்றால் உன்னைக் கொண்டுபோய் அங்கேதான் விடுவேன். அடுப்பு மேல் அந்த இரும்புச் சீப்பு காய்ந்துகொண்டிருக்கும், மகள் ஷெரிலை இரண்டு முழங்காலுக்கு நடுவில் உட்காரவைத்து, காதை மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அதை முடியில் இழுப்பார். எண்ணெய் பொரியும் வாசனை வரும். "ஆன்ட்டி ஏன் அக்கா தலையை அயர்ன் பண்றாங்க" என்று என்னைக் கேட்டவன்தானே நீ. சனிக்கிழமை அவ்வளவு பாடுபட்டு நேராக்கிய முடி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வியர்த்தால் போச்சு. மழைத்துளி பட்டால் போச்சு. அதற்குத்தான் ரிலாக்ஸர் என்ற முடி நேராக்கும் மருந்து வந்தது. தண்ணீர் பட்டாலும் திரும்பச் சுருளாது.

அது என்ன மருந்து என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் நர்ஸ் புத்தி, சொல்லிவிடுகிறேன். பழைய வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, நம் ஊர் காஸ்டிக் சோடா, ஆங்கிலத்தில் 'லை'. 'லை இல்லாதது' என்று விற்பதில் கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் கலப்பார்கள். அதுவும் காரம்தான். முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பை அது உடைத்துவிடும், மறுபடி பழையபடி சேராது. அதனால்தான் போட்ட முடி நேராகவே நிற்கும், வேரில் புதிதாக வளர்வது மட்டும் சுருண்டு வரும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை 'டச் அப்'. தலைத்தோலில் வாசலின் பூசிக்கொள்ள வேண்டும், முந்தின நாள் சொறிந்திருக்கக் கூடாது, ஐந்து நிமிஷம் கூடினால் வெந்துவிடும். டோரத்தி ஆன்ட்டியின் நெற்றி ஓரத்துப் புண்ணுக்கு நானே மருந்து போட்டிருக்கிறேன். எரிச்சல் தெரியாமல் போட்டுக்கொள்பவர்கள் யாரும் இல்லை குமரா.

அப்புறம் ஏன் போட்டுக்கொண்டார்? நானும் கேட்டேன். 1971இல் நர்சிங் படிக்கும்போது அவருக்குப் பெரிய ஆஃப்ரோ, சுருள் முடியை அப்படியே வட்டமாக வளரவிட்ட தலை. ஹாஸ்டல் சுவரில் கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ் படம் ஒட்டியிருந்தாராம். முதல் வேலைக்குப் போன இடத்தில் சூப்பர்வைசர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. நர்ஸ் தொப்பியைக் கையில் கொடுத்து, இது உன் தலையில் எப்படி நிற்கும் என்று மட்டும் கேட்டாள். அடுத்த சனிக்கிழமை ரிலாக்ஸர். தொப்பி நின்றது, வேலையும் நிலைத்தது, அந்தச் சம்பளத்தில்தான் ஷெரில் படித்தாள். இதில் தன்னைப் பிடிக்காமல் போனது எங்கே வந்தது, நீ சொல்லு.

அது பழைய காலம் என்பாய். அலபாமாவில் மொபைல் என்ற ஊரில் 2010இல் ஒரு பெண்ணுக்கு வேலை தருகிறோம் என்று சொல்லிவிட்டு, சடைமுடியை எடுத்துவிட்டு வா என்றார்கள். மாட்டேன் என்றாள், வேலை போயிற்று. வழக்கு 2016 வரை நடந்து, மேல்முறையீட்டில் கம்பெனி பக்கம் தீர்ப்பானது. தோல் நிறம் மாற்ற முடியாதது, முடி அலங்காரம் மாற்றக்கூடியது, அதனால் இது இனப் பாகுபாட்டில் சேராது என்றார்கள். அந்த நீதிமன்றம் உன் அட்லாண்டாவில்தான் இருக்கிறது. வக்கீலான உன் மனைவிக்கு இது மனப்பாடமாகத் தெரியும். முடிக்காக ஒருவரை வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியா 'க்ரௌன்' சட்டம் போட்டதே 2019இல்தான். நாடு முழுமைக்குமான சட்டம் 2022இல் கீழவையில் நிறைவேறி செனட்டில் நின்றுபோனது. மிஷேல் ஒபாமாவே அந்த வருஷம் வெளிப்படையாகச் சொன்னார், வெள்ளை மாளிகையில் இருந்தவரை பின்னல் போட நினைத்தும் போடவில்லை, மக்கள் இன்னும் தயாராகவில்லை என்று நினைத்தேன் என்று. ஜனாதிபதி மனைவிக்கே அந்தக் கணக்கு. நவோமி ஜட்ஜ் முன்னால் எழுந்து நிற்கும்போது, ஜூரியில் உட்கார்ந்திருப்பவர்கள் அவள் சொல்வதைக் கேட்க வேண்டும், தலையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நீ மூன்று நாள் தாடியோடு ஆபீஸ் போனால் பிஸியான ஆள் என்று சொல்வார்கள்.

உங்கள் கல்யாணத்தில் சம்பந்தியம்மா பட்டுத்துணியால் தலை கட்டிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா? நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் அழகு அழகு என்றார்கள். அன்று சாயங்காலம் அவர் எனக்குச் சொன்னார். அவர் ஊர் நியூ ஆர்லியன்ஸில் 1786இல், ஸ்பானியர் ஆட்சியில், கவர்னர் மீரோ ஒரு உத்தரவு போட்டானாம். அடிமையாக இல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும், இறகும் நகையும் முடியில் வைக்கக் கூடாது. அந்தப் பெண்கள் இருப்பதிலேயே பளபளப்பான துணியை எடுத்துக் கட்டி, அதையே ஃபேஷனாக்கிவிட்டார்கள். இருநூறு வருஷத்துக்கு மேலாக யாராவது ஒருவர் அவர்கள் தலையைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இப்போது அவள் வீட்டுக்குள்ளேயே ஒருவன், இயற்கையாக இரு என்கிறான். அதுவும் உத்தரவுதான்.

இன்னொன்றும் நீ மறக்கிறாய். நவோமி ரிலாக்ஸர் இல்லாமல் இருந்திருக்கிறாள். காலேஜில் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிட்டு, சுருளோடு வளர்த்திருக்கிறாள். படம் காட்டினாள், நன்றாகத்தான் இருந்தது. அலசி, கண்டிஷனர் போட்டு, சிக்கு எடுத்து, காயவைத்து, முறுக்கி முடிக்க ஒரு சனிக்கிழமை முழுசாகப் போய்விடுமாம். சட்டம் படித்துக்கொண்டு, சாயங்கால வேலைக்கும் போய்க்கொண்டு, அந்த சனிக்கிழமைக்கு எங்கே போவாள்? திரும்பப் போட்டுக்கொண்டாள். இரண்டையும் பார்த்தவள் அவள். அப்புறம், அவளுக்கு நேர் முடி பிடித்திருக்கிறது என்பதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளேன். ஈஸ்டருக்கு முந்தின நாள் அவள் அம்மா முதல்முதலாகப் போட்டுவிட்டபோது எட்டு வயசாம். எரிந்ததும் நினைவிருக்கிறது, அம்மாவின் கை கழுத்தில் பட்டதும் நினைவிருக்கிறது என்றாள். அதை நீ கெமிக்கல் என்ற ஒரே வார்த்தையில் போட்டு மூடாதே.

இது முழுக்க வெள்ளைக்காரன் திணித்தது என்று பேசுகிறாய். பாதி சரி. ஆனால் அந்த மருந்தை முதலில் விற்றவர்களில் ஒருவர் கறுப்பினத்தவரான காரெட் மார்கன், க்ளீவ்லாண்டில் தையல் கடை வைத்திருந்தவர். டிராஃபிக் சிக்னலுக்கு 1923இல் பேடன்ட் வாங்கியதும் அவரே. நம் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் 1954இல் 250 டாலர் கடனோடு தொடங்கிய முடி மருந்துக் கம்பெனி 1971இல் 'அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்' என்ற பங்குச் சந்தைக்கு வந்தது. கறுப்பினத்தவர் கம்பெனிகளில் அந்தச் சந்தைக்கு வந்தது அதுதான் முதல். டோரத்தி ஆன்ட்டி அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் காரை மெதுவாக ஓட்டுவார், ஞாபகம் இருக்கும் உனக்கு. பெருமையும் வலியும் ஒரே டப்பாவில் வந்தால் யார் பிரித்துக் கொடுப்பது?

உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தபோது வேண்டிக்கொண்டு, திருப்பதியில் நான் இறக்கிய முடி இடுப்பு வரை இருந்தது. அங்கே இறங்கும் நீள முடி ஏலம் போய், அதில் ஒரு பகுதி அமெரிக்காவில் 'வீவ்' என்ற ஒட்டுமுடியாகத் தைக்கப்படுகிறது என்று நவோமிதான் எனக்குச் சொன்னாள். "உங்க முடியை நான் காசு கொடுத்து வாங்கியிருப்பேன் அத்தை" என்று சிரித்தாள். இப்படிச் சிரித்துப் பேசுகிறவள் தூங்குகிறாளாம், பகல் பதினோரு மணிக்கு.

சரி, உன் பயத்துக்கு வருகிறேன். சம்பந்தியம்மாவுக்கு ரத்தம் பட்டது என்று நீ போகிறபோக்கில் சொன்னாய். அந்த வாரத்திலிருந்துதான் நீ நவோமியின் தலையைப் பிடித்துக்கொண்டாய். அம்மாவுக்கு இது புரியாதா?

நீ படித்ததை நானும் படித்தேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, 2022 அக்டோபரில் வந்தது. 33,497 பெண்களைப் பதினோரு வருஷம் பக்கமாகக் கவனித்திருக்கிறார்கள். முடி நேராக்கும் மருந்தே போடாதவர்களில் 70 வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்று வரக்கூடியவர்கள் 1.64 சதவீதம், வருஷத்தில் நாலு தடவைக்கு மேல் போட்டவர்களில் 4.05 சதவீதம். போட்டுக்கொண்டவர்களில் 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள். சின்ன விஷயம் இல்லை, நான் மழுப்பமாட்டேன். ஆனால் நூற்றில் 96 பேருக்கு வருவதில்லை என்பதும் அதே கணக்குதான். இந்த மருந்தால்தான் வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவும் இல்லை. கம்பெனிகள் மேல் போட்ட வழக்குகளில் பெரும்பாலானவற்றை சிகாகோவில் ஒரே நீதிமன்றத்தில் சேர்த்திருக்கிறார்கள். நவோமிக்கு இதெல்லாம் உன்னைவிடத் தெரியும்.

உன் அத்தை மகள் தன் கல்யாணத்துக்கு இங்கே முடி நேராக்கும் கெரட்டின் போட்டுக்கொண்டு நின்றாளே, "சூப்பரா இருக்கு" என்று நீதானே மெசேஜ் அனுப்பினாய்? அந்த மாதிரி மருந்துகள் பலவற்றில் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு கிளம்பும். அவளுக்கு ஏன் நீ கெமிக்கல் பாடம் எடுக்கவில்லை?

நவோமியிடம் ஒரு தடவை சொல். ஒரே தடவை. எனக்கு உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று சொல். முடியைப் பற்றிப் பேசாதே, பயத்தைப் பற்றிப் பேசு. அப்புறம் வாயை மூடிக்கொண்டு அவள் என்ன சொல்கிறாள் என்று கேள். விடலாம் என்றால் அந்த சனிக்கிழமை வேலையில் பாதி உன்னுடையது. மாயாவுக்கு வால் சீப்பால் வகிடெடுத்து நீயே பின்னிவிடுகிறாய், எத்தனை அப்பாக்களுக்கு அது வரும்? நான் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறேன். மாயா தலையில் மருந்து போடக் கூடாது என்று முதலில் சொன்னது யார், நவோமிதானே? விடமாட்டேன் என்றால் அவளோடு பார்லருக்குப் போ. வெளியே காரில் உட்காராதே, உள்ளே போய் உட்கார். ஆனால் ஒரு தடவைதான் சொல்ல வேண்டும், திரும்பச் சொல்லாதே.

இப்போது முக்கியமானது. சம்பந்தியம்மாவுக்கு மாதவிடாய் நின்று பல வருஷம் ஆகியிருக்கும். அந்த வயதில் ரத்தம் பட்டால் பெரும்பாலும் வேறு காரணம்தான், ஆனால் பார்க்காமல் விடக் கூடாது. ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வு மெல்லிசாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்றால் கேட்காதீர்கள். கறுப்பினப் பெண்களுக்கு ஸ்கேன் மட்டும் போதாது, புற்று இருந்தும் தவறவிடுகிறது என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஃபைப்ராய்டு கட்டிகள் இருந்தால் படம் சரியாகவும் தெரியாது. பயாப்சி எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கமாட்டேன் என்றால் அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நவோமி வக்கீல், அவளுக்கு இதைக் கேட்கத் தெரியும். அம்மா விஷயத்தில் கேட்கத் தயங்குவாள், அப்போது நீ கேள்.

வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறார்கள் என்றாய். என்ன சொன்னார்கள் என்று நீ எனக்கு எழுத வேண்டாம். நவோமியைக் கூப்பிடச் சொல். இங்கே ராத்திரி இரண்டு மணியானாலும் போனை நான்தான் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா