நெடுந்தீவு, எமது கிராம அபிவிருத்திச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, படகேறி வந்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த நிர்வாக ஆண்டில் பொங்கல் விழா வழமைபோல் நடந்தது. பெருக்கு மரத்தடியிலும் கோட்டைக்குப் போகும் வழியிலும் இரண்டு சிரமதானங்கள் செய்தோம். 1985இல் குமுதினிப் படகில் உயிரிழந்தவர்களை மே 15ஆம் திகதி நினைவுகூர்ந்தோம். மாலை வகுப்பு ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போகும்வரை நடந்தது. கோடையில் சாராப்பிட்டிப் பக்கம் தண்ணீர் அள்ள வந்த குடும்பங்களுக்கு எங்களால் முடிந்த உதவியைச் செய்தோம்.

பொதுக்கூட்டம் இது மூன்றாவது முயற்சி. முதல் தடவை சோளகக் காற்று உரத்து வீசியதால் படகேறக் குறிகட்டுவான் துறையில் நின்றவர்கள் திரும்பிப் போக வேண்டியிருந்தது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டாம் தடவை கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. படகும் நேரத்துக்கு வந்தது. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வருவதாகச் சொன்னவர்களில் நாலு பேர்தான் இறங்கினார்கள். மாவிலித்துறையில் நின்று கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். சமைத்த சோற்றைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். எனக்கு அது பெரிய மனவருத்தம். இதை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று தலைவர் சொன்னார். எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இனி காணிப் பதிவேடு, அதாவது ஊர்க் காணிகளின் எல்லைகளையும் உரித்தாளிகளையும் நாம் குறித்துவரும் புத்தகம். சங்கக் காசைப் போட்டோப் பிரதிக்கும் போக்குவரத்துக்கும் செலவழித்தது ஏன் என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

2012 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவில் 4,000 பேர்கூட இல்லை. ஆனால் காணிக்குச் சொந்தக்காரர் வன்னியிலும் கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். எங்கள் காணிகளில் பெரும்பாலானவை பிரிபடாத பங்கில் கிடக்கின்றன. பேரன் பூட்டன் காலத்துக் காணி உறுதியில், அதாவது பத்திரத்தில், ஆறில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று என்று இருக்கும். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்கு இன்றைக்கு ஏழெட்டு உரித்தாளிகள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்க நினைத்தால் மற்றப் பங்காளருக்கு முதலில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்குப் பங்காளர் யார், எங்கே என்று தெரிய வேண்டாமா?

இன்னொரு பக்கம் ஆட்சி உறுதி இருக்கிறது. ஒரு காணியைப் 10 வருடம் தடையில்லாமல் ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்கள் காணியை இழக்கக் கூடாது என்பதற்காக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. வழக்குப் போட அதில் வைத்த கால எல்லை குறுகியது. அது வந்ததே எங்கள் உறுப்பினர்களில் பலருக்குத் தெரியாமல் போயிற்று. இந்த வேலையை நான் தொடங்கியதற்கு முதல் காரணம் அதுதான்.

ஒரு நாள் ஓர் ஆச்சி தகரப் பெட்டியோடு வந்தார். சீலையில் சுற்றிய சீதன உறுதி உள்ளே இருந்தது. மடிப்புகள் கிழிந்து, மை மண்ணிறமாகிப் போயிருந்தது. காணிப் பெயரும் நாலரைப் பரப்பு என்பதும் வாசிக்கக்கூடியதாக இருந்தன. கிழக்கெல்லைக்கு ஒரு பெண்ணின் பெயரும் "பங்காளரும்" என்றும், வடக்குக்கு ஒழுங்கை என்றும் எழுதியிருந்தது. அந்தப் பெண் செத்து நாற்பது வருடமாம். ஒழுங்கை இருந்த இடத்தில் இன்றைக்குப் பனை வடலி அடர்ந்து நிற்கிறது. "தம்பி, நான் போயிட்டனெண்டா இதை ஆர் சொல்லுறது?" என்று கேட்டார். அவருடைய பிள்ளைகள் நான்கு பேரும் எங்கள் சங்க உறுப்பினர்கள்.

எல்லையை இடத்தில் பார்ப்போம் என்று மேற்குப் பக்கத்து ஐயா ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். நெஞ்சளவு உயரத்தில், சாந்து எதுவும் இல்லாமல் முருகைக்கல் அடுக்கிய வேலி. ஓரிடத்தில் சரிந்து, அதன் வழியாகக் குதிரைகள் புகுந்து போன குளம்படி ஈர மண்ணில் தெரிந்தது. நான் அந்தக் கல்வேலியில் கயிற்றைப் பிடித்து அளக்கத் தொடங்கினேன். ஐயா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இது எல்லை இல்லைத் தம்பி. மாடு அடைக்கக் கட்டின பட்டி. எல்லை அங்கால, கிணத்தடியால போகுது." போய்ப் புல்லை விலக்கிப் பார்த்தோம். மண்ணுக்குள் பாதி புதைந்தபடி எல்லைக்கல் இருந்தது. நில அளவையாளர் வந்திருந்தால் அவரும் கல்வேலியைத்தான் எல்லை என்று எடுத்திருப்பார். எங்கள் தீவில் கல்வேலி நூறு வருடம் நிற்கும், ஆனால் எதற்காகக் கட்டியது என்று சொல்லும் ஆள் நிற்க மாட்டார். அந்த ஐயா இந்த வருட வாடைக்காற்றுக் காலத்தில் காலமானார். அவர் காட்டிய பதினொரு காணிகளின் எல்லை பதிவேட்டில் இருக்கிறது. மற்றவை அவரோடு போய்விட்டன.

செலவு இப்படித்தான் வந்தது. உறுதிகளின் பதிவுப் பிரதி எடுக்க யாழ்ப்பாணம் போக வேண்டும். காலைப் படகில் ஏறி, ஒரு மணி நேரம் கடலில் போய், குறிகட்டுவானில் 776 பஸ் பிடித்து, புங்குடுதீவும் வேலணையும் கடந்து பட்டணம் சேரும்போது வரிசை நீண்டிருக்கும். "இந்தப் பக்கம் பழுதாகிவிட்டது, அடுத்த கிழமை வாருங்கள்" என்று இரண்டு தடவை அனுப்பினார்கள். பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு தங்க வேண்டும். தங்கியது என் சொந்தக் காசில். 2017இல் நெடுந்தாரகைப் படகு வந்த பிறகு பயணம் முன்னரைப்போல் இல்லை என்பது உண்மை. ஆனாலும் ஒரு படகு திருத்த வேலைக்குப் போனால், நோயாளியானாலும் உறுதி எழுதப் போகிறவரானாலும் துறையில் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. பயண ஒழுங்கு பற்றி நாம் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மீண்டும் எழுதுவோம்.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறத்தாழச் சரி, கையிருப்பு சொல்லும்படியாக இல்லை. சந்தா கட்டியோர் பாதிக்கும் குறைவு. அவர்களில் கூடுதலானோர் கடற்றொழிலிலும் பனைத் தொழிலிலும் நாளாந்தம் உழைக்கும் உள்ளூர்க்காரர். வட்ஸ்அப் குழுவில் கோயில் கொடியேற்றப் படம் போட்டால் நிமிடத்தில் பதில் வருகிறது. சந்தா நினைவூட்டலுக்கு மூன்று மாதமாகியும் ஒரு வரி வரவில்லை. ஊரில் பிடிப்பு இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இருந்தால் கொஞ்சம் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தலைவர், பொருளாளர், கிராம அலுவலர், மண்டபம் தந்த பாடசாலை, கதிரை ஏற்றி இறக்கிய இளைஞர்கள், சமையலை ஏற்ற மாதர் சங்கத்து அக்காமார் எல்லோருக்கும் நன்றி.

வருகிற ஆண்டு நான் செயலாளராக இருப்பேனா என்று தெரியவில்லை. வீட்டிலும் கேட்கிறார்கள். வேறு யாராவது முன்வந்தால் பதிவேட்டை மனநிறைவோடு கையளிப்பேன். ஒருவரும் வராவிட்டால், ஒன்றிரண்டு பேராவது கிழமையில் ஒரு நாள் என்னோடு நடக்கச் சம்மதித்தால் தொடர்வேன். கிழக்குப் பக்கம் இன்னும் தொடவே இல்லை. அங்கே எல்லை தெரிந்தவர்கள் மூன்று பேர்தான் மிச்சம், மூவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. வெளிநாட்டில் உள்ளவர்கள் உறுதியின் படத்தையும், உரித்தாளிகளின் பெயர், முகவரியையும் அனுப்பினாலே பெரிய உதவி. உங்கள் சார்பில் காணி அலுவல் பார்க்க அற்றோணித் தத்துவம் (அதிகாரப் பத்திரம்) யாருக்காவது கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதிவேடு வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. படகுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடக்கு. போகுமுன் உங்கள் குடும்பத்துப் பக்கத்தைத் திறந்து, பிழை இருந்தால் பென்சிலால் திருத்திவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்